முகவரி இருந்தால்தான் மருந்து: அமெரிக்காவின் மருத்துவக் கஞ்சா கார்டும் வசிப்பிட நிபந்தனையும்

அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சா கார்டுக்கு விண்ணப்பிப்பவரிடம் இரண்டு விஷயங்கள் கேட்பார்கள். என்ன நோய்? எங்கே குடியிருக்கிறீர்கள்? முதல் கேள்விக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பட்டியல் வைத்திருக்கிறது. புற்றுநோய், வலிப்பு, தீராத வலி என்று அது நீளும். ஓக்லஹோமாவில் பட்டியலே கிடையாது, டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அங்கேயும் இரண்டாவது கேள்விக்கு விலக்கு இல்லை. அந்த மாநிலத்து ஓட்டுநர் உரிமமோ, வாக்காளர் அட்டையோ, மின் கட்டண ரசீதோ, வாடகை ஒப்பந்தமோ காட்டித்தான் ஆக வேண்டும்.

யோசித்தால் இது விசித்திரமான நிபந்தனை. ஹூஸ்டனில் இருப்பவர் மின்னசோட்டாவிலுள்ள மேயோ கிளினிக்குக்குப் போய் இருதய அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். உங்கள் மாநிலம் எது என்று யாரும் தடுக்கப்போவதில்லை. டாக்டர் எழுதித் தரும் மாத்திரைச் சீட்டையும் பெரும்பாலும் எந்த மாநிலத்து மருந்துக் கடையிலும் கொடுத்து வாங்கலாம். கஞ்சா என்று வந்ததும்தான் முகவரி முக்கியமாகிவிடுகிறது. இதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வாஷிங்டனோடு, அதாவது நாட்டின் மத்திய (ஃபெடரல்) அரசோடு, தகராறு வராமலிருக்க மாநிலங்கள் தங்களைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி இது. அந்த வேலி ஏன் வந்தது, எங்கெல்லாம் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்தால்தான் இந்த விதிகள் புரியும்.

1970இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை முதல் அட்டவணையில் வைத்தது. 'ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லை' என்ற வகை அது. ஹெராயினும் அதே வரிசைதான். 1996இல் கலிபோர்னியா மக்கள் 215ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்து, நோயாளிகள் கஞ்சா வைத்திருக்கலாம் என்றார்கள். ஆனால் ஃபெடரல் சட்டத்தை ஒரு மாநில வாக்கெடுப்பு மாற்றிவிட முடியாது. 2005இல் கான்சாலஸ் எதிர் ரைச் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இதை உறுதி செய்தது. தன் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து, தானே பயன்படுத்தும் செடியானாலும் ஃபெடரல் அரசு அதில் கைவைக்கலாம் என்றது தீர்ப்பு.

அதனால்தான் டாக்டர்கள் கஞ்சாவுக்கு மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. சீட்டு எழுதினால் ஃபெடரல் அரசு கொடுத்த பதிவு எண் பறிபோகும். 'இவருக்குப் பயன்படக்கூடும்' என்று பரிந்துரை மட்டும் செய்வார்கள். நோயாளியிடம் அப்படிச் சொல்வது டாக்டரின் பேச்சுரிமை என்று 2002இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீட்டு என்றால் நாடு முழுக்கச் செல்லும். பரிந்துரைக் கடிதத்துக்கு அந்த மாநிலத்துச் சட்டம் கொடுக்கும் மதிப்புதான். கார்டின் கதையும் இதுவே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013 ஆகஸ்ட்டில் ஃபெடரல் அரசின் நீதி அமைச்சகம் 'கோல் குறிப்பாணை' என்று பெயர்பெற்ற கடிதத்தை அரசு வழக்கறிஞர்களுக்கு அனுப்பியது. எட்டு விஷயங்களில் கவனமாக இருக்கும் மாநிலங்களோடு மோத வேண்டாம் என்பது அதன் சாரம். அனுமதியுள்ள மாநிலத்திலிருந்து சரக்கு அடுத்த மாநிலத்துக்குக் கசியக் கூடாது என்பது அந்த எட்டில் ஒன்று. 2018 ஜனவரியில் அந்தக் குறிப்பாணையை அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் ரத்து செய்தார். மாநிலங்கள் கட்டிய அமைப்பு மட்டும் அப்படியே நின்றது. செடி எங்கள் எல்லைக்குள் வளர்கிறது, எங்கள் எல்லைக்குள் விற்கிறது, எங்கள் ஆட்களுக்கே விற்கிறது என்று காட்டுவதற்கான ஏற்பாட்டில் கடைசிக் கண்ணிதான் வசிப்பிட நிபந்தனை.

இதற்குப் பெரிய சான்று மருந்துக் கடைகளிலேயே இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளைச் செயற்கையாகத் தயாரித்து அடைத்த மாரினால் மாத்திரைக்கு 1985இலேயே ஃபெடரல் அனுமதி கிடைத்துவிட்டது. வலிப்பு நோய்க்கான எபிடியோலெக்ஸ் திரவத்துக்கு 2018இல் கிடைத்தது. அது கஞ்சாச் செடியிலிருந்தே பிரித்தெடுத்த, போதை தராத சிபிடி என்ற பொருள். இரண்டையும் ஐம்பது மாநிலங்களிலும் சீட்டு கொடுத்து வாங்கலாம், முகவரிச் சான்று வேண்டாம். வாஷிங்டன் சம்மதித்த இடத்தில் வசிப்பிடக் கேள்வியே எழுவதில்லை.

சரி, நடைமுறையில் 'வசிப்பவர்' என்பதை எப்படி நிரூபிப்பது? பென்சில்வேனியா கறார்ப் பேர்வழி. அந்த மாநிலப் போக்குவரத்துத் துறை கொடுத்த ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ வேண்டும், பதிவேட்டிலுள்ள முகவரி அதோடு பொருந்த வேண்டும். நியூயார்க் தாராளம். மாநிலத்தில் வசிப்பவர் அல்லது மாநிலத்தில் சிகிச்சை பெறுபவர் என்று சட்டம் சொல்கிறது. பக்கத்து மாநிலத்திலிருந்து மன்ஹாட்டனின் மருத்துவமனைகளுக்கு வந்துபோகும் நோயாளிகளை நினைத்தால் அந்த 'அல்லது' எவ்வளவு பேருக்குக் கதவைத் திறக்கிறது என்று தெரியும்.

கலிபோர்னியாவில் மாநிலத்தில் வசித்தால் மட்டும் போதாது, விண்ணப்பிக்கும் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) வசிக்க வேண்டும். ஏனென்றால் கார்டைக் கொடுப்பது கவுண்டி சுகாதாரத் துறை. இந்த வேலையே எங்களுக்கு வேண்டாம் என்று சான் டியேகோ, சான் பெர்னார்டினோ கவுண்டிகள் நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. அங்கே கார்டு கட்டாயமில்லை. 21 வயதானவர் யாரும் கடையில் வாங்கலாம் என்றான பிறகு கார்டின் முக்கியப் பயன் விற்பனை வரி விலக்குதான். அதையும் டாக்டரின் கடிதத்தை மட்டும் காட்டிப் பெற முடியாது, கவுண்டி கார்டு வேண்டும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய மாநிலம் ஃபுளோரிடா. 2016இல் எழுபது சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கி அங்கே மருத்துவக் கஞ்சா வந்தது. இன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கார்டு வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குப் பயன்பாட்டை அனுமதிக்கும் முன்மொழிவு 2024இல் சுமார் 56 சதவீதம் வாங்கியும் தோற்றது, அங்கே 60 வேண்டும். அதனால் கார்டுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. வேறு மாநிலத்துக் கார்டை ஃபுளோரிடா ஏற்பதுமில்லை.

ஆனால் ஃபுளோரிடாவுக்கு ஒரு தனிப் பிரச்சினை. ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கிலிருந்து லட்சக்கணக்கான முதியவர்கள் வந்து சில மாதங்கள் தங்கிவிட்டுப் போகிறார்கள். மூட்டு வலி, கீமோதெரபி என்று கார்டு தேவைப்படும் வயதும் அதுதான். இவர்களைத் தள்ளிவிட்டால் வியாபாரமும் போகும், வாக்குறுதியும் போகும். எனவே சட்டம் 'பருவகால வசிப்பாளர்' என்ற தனி வகையை உண்டாக்கியது. நான்கு நிபந்தனைகள். ஒவ்வொரு ஆண்டும் தொடர்ந்து 31 நாட்களாவது ஃபுளோரிடாவில் தங்க வேண்டும். அங்கே தற்காலிக வீடு வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சொந்த மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த மாநிலத்தில் வாக்காளராகவோ வருமான வரி கட்டுபவராகவோ இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது. இவர் நம்ம ஆள் இல்லை, வந்துபோகிறவர்தான் என்பதற்கு வேறொரு மாநிலத்தின் வரிக் கணக்கையே சான்றாகக் கேட்கிறார்கள்.

சான்றாக இரண்டு ஆவணங்கள் வேண்டும். வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், மாதத் தவணைக் கணக்கு, இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத மின் கட்டண ரசீது, வங்கியிலிருந்தோ அரசு அலுவலகத்திலிருந்தோ வந்த கடிதம் என்று பட்டியல் போகிறது. ரேஷன் கார்டுக்காக ரசீது தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. தங்கல் மகன் வீட்டில், ரசீதெல்லாம் மகன் பெயரில் என்றால் மகனின் முகவரிச் சான்றோடு, இவர் என்னோடுதான் தங்குகிறார் என்று மகன் எழுதித் தரவும் வேண்டும். கார்டுக்கு ஆண்டுக்கு 75 டாலர். அதற்கு மேல் டாக்டரின் சான்றை 210 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவு தனி. நான்கு மாதம் மட்டுமே தங்குகிறவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா என்பது அவரவர் வலியைப் பொறுத்தது.

வசதியான முதியவர்களுக்கு வழி செய்துகொடுக்க முடிந்தது. குழந்தைகளின் கதை வேறு. 2013 ஆகஸ்ட்டில் சிஎன்என் தொலைக்காட்சியில் டாக்டர் சஞ்சய் குப்தா ஒரு சிறுமியைக் காட்டினார். கொலராடோவைச் சேர்ந்த ஷார்லட் ஃபிகிக்கு டிரவே சிண்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோய். போதை மிகக் குறைந்த, சிபிடி மிகுந்த கஞ்சா எண்ணெயைக் கொடுத்த பிறகு வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அதைப் பார்த்து நாடெங்கிலுமிருந்து பெற்றோர் கொலராடோவுக்குக் கிளம்பினார்கள். ஒரு வாரம் போய் எண்ணெய் வாங்கி வர முடியாது. சிறுவர்களுக்கு மருத்துவப் பதிவேடு ஒன்றே வழி. அதற்கு இரண்டு டாக்டர்களின் சான்று, கொலராடோவில் வசிக்கும் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம், மாநில வசிப்பிடம் எல்லாம் வேண்டும். ஆக, குடிபெயர்ந்தே ஆக வேண்டும். 'மருத்துவக் கஞ்சா அகதிகள்' என்று பத்திரிகைகள் எழுதியது இந்தக் குடும்பங்களைத்தான்.

வேலையை விட முடியாத தந்தை ஓர் ஊரில், குழந்தையோடு தாய் இன்னோர் ஊரில் என்று பிரிந்து வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. அப்படிக் கொலராடோவுக்குப் போன ஜார்ஜியா சிறுமி ஹேலியின் பெயரில்தான் ஜார்ஜியா 2015இல் 'ஹேலியின் நம்பிக்கை' சட்டத்தைக் கொண்டுவந்தது. டிஎச்சி 5 சதவீதத்துக்கு மிகாத எண்ணெயை வைத்திருக்கலாம் என்றது சட்டம். ஆனால் பதிவு அட்டைக்கு ஓராண்டாவது ஜார்ஜியாவில் வசித்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. வசிப்பிடத்தால் அலைக்கழிந்த ஒரு குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டத்திலேயே இன்னும் கடுமையான வசிப்பிட நிபந்தனை! 2017இல் அந்த ஓராண்டுக் கணக்கை நீக்கினார்கள். எண்ணெயை வைத்திருக்கலாம், ஆனால் மாநிலத்துக்குள் வாங்கக் கடை எதுவும் இல்லை என்ற நிலை மட்டும் 2023 வரை நீடித்தது. அந்த ஏப்ரலில்தான் ஜார்ஜியாவில் முதல் டிஸ்பென்சரிகள், அதாவது மருத்துவக் கஞ்சா விற்கும் கடைகள், திறந்தன.

எதிர்த்திசையில் ஒரு கூத்து நியூ மெக்ஸிகோவில் நடந்தது. அங்கே 2007 முதல் மருத்துவக் கஞ்சா உண்டு. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது, தகுதியுள்ள நோயாளி என்பவர் 'நியூ மெக்ஸிகோவில் வசிப்பவர்' என்றிருந்த இடத்தில் வெறுமனே 'நபர்' என்று போட்டுவிட்டார்கள். கஞ்சா நிறுவனமொன்றின் தலைவரான டியூக் ரோட்ரிகஸ் அப்போது அரிசோனாவாசி. முன்பு நியூ மெக்ஸிகோ அமைச்சரவையில் இருந்தவர் என்பதால் சட்டத்தின் சந்துபொந்து அவருக்கு அத்துப்படி. அவரும் டெக்ஸஸ்காரர்கள் இரண்டு பேரும் கார்டு கேட்டார்கள், சுகாதாரத் துறை மறுத்தது, வழக்குப் போனது. சட்டத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம் என்று சான்டா ஃபே மாவட்ட நீதிபதி கார்டு கொடுக்கச் சொன்னார். சில நூறு வெளிமாநிலத்தார் பதிவு செய்துகொண்டார்கள்.

ஆளுநர் மிஷெல் லுஹான் கிரிஷம் பதறியதற்குக் காரணம் இருந்தது. டெக்ஸஸ்காரருக்குக் கார்டு கொடுத்தால் அவர் வாங்கியதை எங்கே கொண்டுபோவார்? வீட்டுக்குத்தான். மாநில எல்லையைத் தாண்டுவது ஃபெடரல் குற்றம். அதற்கு நியூ மெக்ஸிகோ அரசே வழிசெய்தது போலாகும். 2020இல் மறுபடி சட்டத்தைத் திருத்தி வசிப்பிட நிபந்தனையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அதே ஆளுநர் பொழுதுபோக்குப் பயன்பாட்டை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022 ஏப்ரல் 1 முதல் 21 வயதான யாரும், எந்த ஊர்க்காரரும் வாங்கலாம். டெக்ஸஸின் எல் பாசோ நகரத்தை ஒட்டியிருக்கும் சன்லேண்ட் பார்க் என்ற சின்ன ஊரில் கடைகள் முளைத்தன. அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் எந்தப் பக்கத்துக்காரர்கள் என்று விளக்கத் தேவையில்லை. நோயாளிக்கு மூடிய கதவை வாடிக்கையாளருக்குத் திறந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் வேலியின் நோக்கம் என்ன என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டாது.

திரும்பிப் போகிறவருக்கு ஆபத்து குறையவில்லை. டெக்ஸஸில் இரண்டு அவுன்ஸுக்குக் குறைவான கஞ்சாவுக்கே 180 நாள் வரை சிறை. எண்ணெய் என்றால் ஒரு கிராமுக்குக் குறைவானாலும் பெருங்குற்றம்.

இடைப்பட்ட வழியாகச் சில மாநிலங்கள் வருகையாளர் கார்டு தருகின்றன. ஹவாயில் 49.50 டாலர் கட்டினால் 60 நாட்கள், ஆண்டுக்கு இரண்டு தடவை. ஆர்கன்சாவும் ஓக்லஹோமாவும் தற்காலிக அட்டை தருகின்றன. நெவாடா வெளிமாநிலக் கார்டையே ஏற்றுக்கொண்டது. இவற்றிலெல்லாம் ஒரு பொதுக் குறை உண்டு. சொந்த மாநிலத்தில் ஏற்கெனவே கார்டு இருப்பவருக்குத்தான் வருகையாளர் கார்டு. சொந்த ஊரில் வழியே இல்லாதவருக்கு, அதாவது உண்மையில் தேவைப்படுகிறவருக்கு, இதனால் ஒன்றுமில்லை.

வாஷிங்டன் நகரம் மட்டும் விதிவிலக்கு. அங்கே 2014இல் மக்கள் கஞ்சா வைத்திருப்பதை அனுமதித்தார்கள். கடை திறக்க விடாமல் நாடாளுமன்றம் நிதிச் சட்டத்தில் முட்டுக்கட்டை போட்டது. நகர சபை 2022இல் மருத்துவத் திட்டத்தையே வளைத்தது. 21 வயதானவர் தனக்குத் தேவை என்று தானே சான்றளித்துக்கொள்ளலாம், வெளியூர்க்காரருக்கும் குறுகிய காலப் பதிவு உண்டு. டாக்டரும் வேண்டாம், உள்ளூர் முகவரியும் வேண்டாம். நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நாட்டின் மிகத் தளர்வான விதி இருப்பது வேடிக்கைதான்.

நீதிமன்றத்தில் இந்த நிபந்தனை நிற்குமா என்பது தனிக் கேள்வி. 1973இல் ரோ எதிர் வேட் வழக்கோடு சேர்ந்து வந்த டோ எதிர் போல்டன் தீர்ப்பில், ஜார்ஜியாவில் வசிப்பவருக்கு மட்டுமே கருக்கலைப்பு என்ற விதியை உச்ச நீதிமன்றம் அடித்து நொறுக்கியது. மாநிலத்தில் கிடைக்கும் மருத்துவச் சேவையை நாடி வருகிறவரை வெளியூர்க்காரர் என்று தள்ளக் கூடாது என்றது. கருக்கலைப்பு உரிமை 2022இல் பறிபோனாலும், இந்தப் பகுதி நின்றது அரசியலமைப்பின் வேறொரு பிரிவின் மேல். ஓராண்டு, ஆறு மாதம் என்று கால அளவு வைக்கும் நிபந்தனைகளுக்கும் நீதிமன்றங்களில் நல்ல பெயர் இல்லை. கலிபோர்னியா புதிதாக வந்தவர்களுக்கு உதவித்தொகையைக் குறைத்தது செல்லாது என்று 1999இல் தீர்ப்பாகியிருக்கிறது.

கஞ்சா விஷயத்தில் தீர்ப்பு வந்தது நோயாளிகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு. மெய்னில் டிஸ்பென்சரி நிர்வாகிகள் எல்லோரும் மெய்ன்வாசிகளாக இருக்க வேண்டும் என்ற விதியை 2022 ஆகஸ்ட்டில் முதலாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஃபெடரல் சட்டப்படி தடைசெய்த சரக்கானாலும், மாநிலம் தன் ஆட்களுக்கு மட்டும் சலுகை காட்டக் கூடாது என்பது வாதம். நோயாளி விஷயத்தில் அதே தர்க்கம் ஏன் பொருந்தாது? பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வழக்குத் தொடுக்க வலுவான காரணமுள்ள நோயாளியிடம் பணம் இருப்பதில்லை, பணமுள்ள நிறுவனங்கள் பொழுதுபோக்குச் சந்தையின் பக்கம் போய்விட்டன.

கருணை மரணச் சட்டங்களில் இதே கேள்வி வேகமாக நகர்ந்தது. வழக்குக்குப் பிறகு ஓரிகன் 2022இல் வசிப்பிட நிபந்தனையைக் கைவிட்டது, வெர்மான்ட் அடுத்த ஆண்டு. நியூ ஜெர்சியிலோ 2024இல் ஒரு ஃபெடரல் நீதிபதி நிபந்தனை செல்லும் என்றார். ஆகவே முடிவு எழுதப்படவில்லை.

அமெரிக்காவிலிருக்கும் தமிழர்களுக்கு இதில் வேறொரு பொறி இருக்கிறது. மாநிலம் கேட்பது வசிப்பிடத்தைத்தான், பெரும்பாலும் குடியுரிமையை அல்ல. நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் இருப்பவரிடம் ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது எல்லாம் இருக்கும். மாநிலத்தின் கண்ணில் அவர் பக்காவான வசிப்பாளர். ஃபெடரல் அரசின் கண்ணில் அவர் தற்காலிகமாக வந்தவர், அவர் வாங்குவது ஃபெடரல் சட்டம் கட்டுப்படுத்தும் பொருள். குடியேற்றச் சட்டத்தில் குற்றத் தீர்ப்பு இல்லாமலே, போதைப்பொருள் குற்றத்தின் கூறுகளை ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்க இடமுண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா தொடர்பான செயல்கள் குடியுரிமை பெறத் தேவையான 'நன்னடத்தை'க்குத் தடையாகலாம் என்று குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கார்டு என்பது ஒரு எழுத்துச் சான்று. 2016இல் வில்சன் எதிர் லிஞ்ச் வழக்கில், நெவாடாவில் மருத்துவக் கார்டு வைத்திருந்தவருக்குத் துப்பாக்கி விற்க மறுத்தது சரி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கார்டு கையில் இருந்ததே அங்கே காரணம்.

வேலை மாறி ஊர் மாறுகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்து டல்லாஸுக்குப் போனால் பழைய கார்டு அந்த ஊரில் வெறும் பிளாஸ்டிக். டெக்ஸஸில் கார்டே கிடையாது. டெக்ஸஸில் நிரந்தரமாக வசிப்பவரை, பதிவுபெற்ற டாக்டர் ஒரு கணினிப் பதிவேட்டில் ஏற்றுவார், மருந்து அதைப் பார்த்துக் கொடுக்கப்படும். வீடு மாறியதற்கும் புது மாநிலத்தில் பதிவாவதற்கும் இடைப்பட்ட வாரங்களில் நோயாளிக்கு எந்த மாநிலமும் பொறுப்பில்லை. மிச்சமிருக்கும் எண்ணெயைச் சாமான் வண்டியில் எடுத்துப் போவதும் குற்றம்தான். விசாவில் இருப்பவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.